மூன்று புள்ளிகள்

தேநீரில் ஆடை படிந்துவிட்டது. தீர்த்தகிரி அதைத் தொடவில்லை. மெக்கானிக் மணிவேலின் கைகளைவிட்டு அவர் கண் ஒரு கணமும் விலகவில்லை.

புதூர்நாட்டுப் பட்டறையில் அவருடைய ஐம்பது வருடத்து டிராக்டர் பின்சக்கரங்கள் இல்லாமல் கட்டைகள்மேல் நின்றது. சக்கரங்களைச் சுழற்றும் இரண்டு பெரிய கியர்களையும் கழற்றிக் கழுவிய மணிவேல், இன்று அவற்றைத் திரும்பப் பூட்டிக்கொண்டிருந்தான். அந்த மாடலுக்குக் கியர் இப்போது எந்தக் கடையிலும் கிடைக்காது. அதில் கைவைக்கத் தெரிந்தவனும் மலையில் இவன் ஒருவன்தான்.

பட்டறைக்குப் பின்னால் அதே மாடலில் இன்னொரு டிராக்டர், ஒரு பின்சக்கரம் இல்லாமல், எருக்கு முளைத்து ஆறு வருடமாகக் கல்லில் சாய்ந்து கிடந்தது. மணிவேலுடையது. அந்தப் பக்கத்துக் கியர் மட்டும்தான் இல்லை; ஒன்று கிடைத்தால் நாளைக்கே ஓடும். ஆள் ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் கியர் கைமாறிவிடும் என்பதைத் தீர்த்தகிரிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆகவேதான், கழற்றிய அன்றே, மணிவேல் டீசல் வாங்கப் போன சமயம் பார்த்து, இடப்பக்கத்துக் கியரின் விளிம்பில், கறுத்த எண்ணெய்ப் பிசுக்கின் மேலேயே, கூர்முனைப் பஞ்ச் உளியைச் சுத்தியால் தட்டி மூன்று புள்ளிகள் அடித்திருந்தார்.

“டீ ஆறுது, குடிங்கண்ணா.”

“எனக்கு வேணாம். நீ வேலயப் பாரு.”

இடப்பக்கத்தில் கியர் ஏறியது. தீர்த்தகிரி குனிந்து விளிம்பைச் சுற்றிலும் விரலால் தடவினார். ஒரு புள்ளிகூட இல்லை.

“இது என்னுது இல்ல,” என்றார். “என் கியர இன்னா பண்ண? பின்னால ஒண்ணு படுத்துங்கெடக்குதே, அதுக்கு எடுத்து வெச்சிட்டியா?”

ஊரைக் கூட்டுவேன் என்றார். போலீசுக்குப் போவேன் என்றார். கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்ய வைப்பேன் என்றார். மணிவேல் எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு, துணியில் கையைத் துடைத்தபடி வலப்பக்கத்தைக் காட்டினான். இன்னும் மூடாத கூட்டுக்குள், அங்கிருந்த கியரின் விளிம்பில் மூன்று புள்ளிகள் பளிச்சென்று தெரிந்தன.

பற்கள் ஒரு முகம் மட்டுமே தேய்ந்திருந்தன. தேயாத முகம் வேலை செய்யட்டும் என்று இடத்தில் இருந்ததை வலத்துக்கும், வலத்தில் இருந்ததை இடத்துக்கும் மாற்றிப் போட்டதாக அவன் நிதானமாக விளக்கினான். இன்னும் இருபது வருடத்துக்குக் கவலை இல்லையாம்.

தீர்த்தகிரிக்கு உயிர் வந்தது. ஆடையை விரலால் எடுத்தெறிந்துவிட்டு, ஆறிய டீயை ஒரே மடக்கில் குடித்தார்.

“தப்பா நெனச்சிக்காத மணிவேலு. காலம் அப்பிடி. யாரையும் நம்ப முடியல.”

“இதுல இன்னாண்ணா இருக்குது? அடையாளம் வெக்கறது நல்லதுதான். நானும் வெக்கறவன்தான்.”

மணிவேல் அந்தக் கியரை மெதுவாக அரைச்சுற்று திருப்பினான். மூன்று புள்ளிகள் கீழே போயின. எதிர் விளிம்பில், டீசலில் கழுவியபின் துலங்கிய வேறு நான்கு புள்ளிகள் மேலே வந்து நின்றன.

“இந்த நாலும் நான் வெச்சதுண்ணா, என் வண்டி ஓடினப்போ.”