நோய் நொடி இல்லாத குடும்பம்

"நம்ம குடும்பத்துல நோய் நொடின்னு ஒண்ணு கிடையாது. அப்படியே எழுதிக்கோ" என்றாள் அத்தை, பட்டனில் ஊசியைக் குத்தியபடி.

அண்ணன் மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளுடைய ஏழு வயது மகள் நீச்சல் வகுப்பில் மயங்கித் தண்ணீருக்குள் போய்விட்டாள். எப்படியோ தூக்கிப் போட்டுப் பிழைக்க வைத்திருக்கிறார்கள். 'குடும்பத்துல யாராவது சின்ன வயசுல திடீர்னு இறந்திருக்காங்களா? பெரியவங்களைக் கேட்டு நாலு மணிக்குள்ள சொல்லுங்க. இல்லேன்னா சாதாரண மயக்கம்தான், வீட்டுக்கு அனுப்பிடுவோம்' என்றிருந்தார் டாக்டர்.

மணி மூன்றே முக்கால். உயிரோடு இருக்கும் பெரியவள் இந்த அத்தை ஒருத்திதான். அவளோ அசைந்து கொடுப்பதாக இல்லை.

"அத்தை, உயிர் போற விஷயம். மறைக்காதீங்க."

"வியாதிக் குடும்பம்னு பேர் வாங்கினா நாளைக்கு உன் பொண்ணை யாருடி கட்டுவா?"

"முதல்ல அவ உயிரோட இருக்கட்டும்."

அத்தை நூலைக் கடித்து அறுத்தாள். "உங்க சின்னத் தாத்தாவுக்குப் பதினெட்டு வயசு. ஓட்டப் பந்தயத்துல விழுந்தவர் எழுந்திருக்கல. வெயில் தாங்கலைன்னாங்க."

"அப்புறம்?"

"என் அக்கா. ரயிலைப் பிடிக்க ஓடினா. பிளாட்பாரத்துலயே போயிட்டா. கால் இடறிடுச்சுன்னாங்க."

அண்ணன் மகள் போனைக் கையில் எடுத்தாள். "எங்க அப்பா எப்படிப் போனார்?" அம்மா அதைப் பற்றி வாயே திறந்ததில்லை.

"அது வேற. கூடக் குளிக்கப் போன பாவி ஒருத்தன் குளத்துல பிடிச்சுத் தள்ளிட்டான். எட்டு வருஷம் ஜெயில்ல கிடந்தான்."

அவள் டாக்டருக்குப் போன் போட்டு மூன்று சாவையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். அவர் சொன்னதைக் கேட்டுக் கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"அத்தை, நீங்க வாயைத் திறந்ததால என் பொண்ணு தப்பிச்சா. இது இதயக் கோளாறாம், பரம்பரையா வர்றதாம். இன்னைக்கே வைத்தியம் ஆரம்பிக்கிறாங்க. அப்பாவுக்கும் இதேதானாம். நீந்தும்போதே இதயம் நின்னிருக்கும், யாரும் தள்ளியிருக்க வேண்டியதே இல்லைன்னு சொல்றார்."

அத்தையின் முகம் வெளிறிவிட்டது.

"தள்ளலைன்னு அவர் என் காலைப் பிடிச்சு அழுதார்டி. நல்லா நீந்துற அண்ணன் தானா எப்படி மூழ்குவான்னு நினைச்சு, பார்க்காததைப் பார்த்தேன்னு கோர்ட்ல சாட்சி சொன்னது நான்தான்" என்றாள். "அண்ணன் செத்த அடுத்த வாரம் அவருக்கும் எனக்கும் கல்யாணம் நடக்க இருந்துது."