சிவப்பு விளக்கின் பாராட்டுரை

உறைந்த ஏரிமேல் ஆடும் பனி ஹாக்கியில் பதினாலு வருஷம் கோல் காத்த கரடிக்கு அன்று வழியனுப்பு விழா. அந்த வேலையில் அதற்கு முன்பற்கள் நான்கு போயிருந்தன, முழங்கால் இரண்டும் மடங்க மறுத்தன. "என் பின்னாடியே நின்ன ஆள்தான் என்னைப் பத்திப் பேசணும்" என்று அது கேட்டுக்கொண்டதால், கோல் வலைக்குப் பின்னால் நின்று, கோல் விழும்போதெல்லாம் எரியும் சிவப்பு விளக்கை மேடைக்குத் தூக்கி வந்தார்கள். கரடி புகழ்ச்சிக்குத் தயாராகி, வெட்கத்தோடு தலையைக் குனிந்துகொண்டது.

விளக்கு தொண்டையைச் செருமியது. "அண்ணனை எனக்கு நல்லாத் தெரியும். முதல் ஆட்டத்துலயே ஒரு கோலைக் காலிடுக்குல விட்டார். அப்புறம் நரி அடிச்சதைத் தோளுக்கு மேல விட்டார். போன மாசம்கூட ஒரு முயல்கிட்ட..."

கரடிக்கு வியர்த்துவிட்டது. விளக்கின் காதோரம் குனிந்து, "தம்பி, நான் தடுத்தது இருபதாயிரத்துக்கு மேல இருக்கும்டா. அதுல ஒண்ணு ரெண்டு சொல்லேன்" என்று கெஞ்சியது.

"தடுக்கவும் செஞ்சீங்களா அண்ணே?" விளக்கு நிஜமாகவே ஆச்சரியப்பட்டது. "அப்பல்லாம் நான் அணைஞ்சுல்ல கிடந்திருப்பேன்!"

கரடியின் முகத்தைப் பார்க்க விளக்குக்கே பாவமாகப் போயிற்று. தனக்குத் தெரிந்த ஒரே மரியாதையையாவது செய்துவிடலாம் என்று, இருந்த வெளிச்சத்தையெல்லாம் திரட்டிப் பளிச்சென்று எரிந்தது.

மொத்தக் கூட்டமும் எழுந்து நின்றது. கரடியைப் பார்த்து ஒரே குரலில் கத்தியது:

"அடப்பாவி, இன்னிக்கும் விட்டுட்டியா!"