காற்றுப் பட்ட மை

"சின்னவன் லெட்டர் வந்திருக்கு. அதைப் படிச்சுட்டு அப்புறம் பெட்டியத் தூக்கு" என்றார் பெரியவர்.

அப்போது கூடத்தில் இருந்தவர்கள்: மை ஆலையின் முதலாளியான பெரியவர், அவருடைய மனைவி, மறுநாள் கப்பலேற டிக்கெட் வாங்கிவிட்ட அவருடைய தங்கை, அவர்களுடைய தம்பி சின்னவனின் கடிதத்தைக் கொண்டுவந்த கப்பல் சமையல்காரர்.

"நேத்து சாயங்காலம்தான் நான் போறேன்னு சொன்னேன். அதுக்குள்ள லெட்டரா?" என்றாள் தங்கை.

"நான் கரையிறங்கினதே இன்னிக்குக் காலையிலதானே! மூணு வாரக் கடல். வயிறு இன்னும் ஆடுது தங்கச்சி" என்று சமையல்காரர் சிரித்தார்.

"பன்னிரண்டு வருஷமாச்சு அண்ணே. ஒரு தடவை அவன் முகத்தப் பாத்துட்டு வந்துடறேன்."

"இங்க இருந்தப்போ நடுத்தெருவுல நின்னு ஓலமிட்டு நம்ம மானத்தக் கப்பலேத்தினவன். அங்க போய்த்தான் புத்தி தெளிஞ்சிருக்கு. நீ போய்க் கிளறாதே."

"மானத்தோட சேத்து அவரையும் ஏத்தி விட்டுட்டீங்க" என்றார் சமையல்காரர். பெரியவர் முறைத்ததும் அவர் கதவோரமாக நகர்ந்துகொண்டார்.

தங்கை ஆலையை ஒட்டிய வீட்டில் தனியாக இருப்பவள். மாசிக்காயை ஊறவைத்துக் காலிக் அமிலம் எடுப்பது அவள் பொறுப்பு. எண்ணெய் சிக்கு வாடை அடிக்காமலிருக்கச் சேர்க்கும் பொருளைச் செய்ய உணவு ஆலைகள் அந்த வெளிறிய பொடியை வாங்கும். ஆராய்ச்சிக்கென்று கல்லூரிகளும் வாங்கும். அதோடு இரும்பு உப்பைக் கலந்தால் மை. சாயம் சேர்க்காத மை, எழுதும்போது டீத்தண்ணீர் நிறத்தில்தான் இருக்கும். காற்றுப் படப் படக் கறுத்து, உறைக்குள் வைத்தாலும் ஓரிரு நாளில் கரியாகிவிடும். அப்புறம் அதை யாராலும் அழிக்க முடியாது. வருஷத்துக்கு ஒரு புட்டி அப்படிக் காய்ச்சி, இதே சமையல்காரர் கையில் தம்பிக்குக் கொடுத்தனுப்புவாள்.

உறையைக் கிழித்தாள்.

'அக்கா, நான் வேறு ஊருக்கு மாறிவிட்டேன். நீ வர வேண்டாம். நன்றாக இருக்கிறேன்.' மூன்று வாரத்துக்கு முந்தைய தேதி.

எழுத்து வெளிறியிருந்தது. மையில் தண்ணீர் கலந்துவிட்டான் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டாள். கடிதத்தை மடியில் போட்டுக்கொண்டு, அண்ணி கொடுத்த டீயை வாங்கினாள்.

பெரியவர் குடும்ப கௌரவம் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். டம்ளர் காலியானபோது தங்கை மறுபடி குனிந்து பார்த்தாள்.

பழுப்பாக இருந்த எழுத்துகள் சாம்பல் நிறத்துக்கு வந்திருந்தன. கண்ணெதிரே 'நன்றாக இருக்கிறேன்' புகை படிவது போலக் கறுத்துக்கொண்டிருந்தது. காகிதத்துக்கு அந்தப் பக்கம் நின்று யாரோ மெல்ல மெல்ல எழுதுவது போல இருந்தது.

யாரோ அவனைப் போல எழுதியிருக்கிறார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் இடக்கைக்காரனின் பின்சாய்ந்த எழுத்து. வரிக்கு வரி உள்ளங்கை தேய்த்த தீற்றல். அவள் விரல் பிடித்துப் பழக்கிய எழுத்து. வேறு யாருக்கும் அது வராது.

"அண்ணே, இன்னிக்குக் காலையில இதை அவன் எங்க உக்காந்து எழுதினான்?"

"என்ன உளர்றே? தேதியப் பாரு!"

"தேதி பொய் சொல்லும். நான் காய்ச்சின மை சொல்லாது."

சமையல்காரர் செருப்பைத் தேடினார். பெரியவர் நாற்காலியில் இன்னும் விறைப்பாக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இந்தக் குடும்பத்துக்குன்னு ஒரு மரியாதை இருக்கு. இதோட விடு."

"போதுங்க" என்றாள் அண்ணி. கல்யாணமான நாளிலிருந்து கணவரை எதிர்த்து அவள் பேசிய முதல் சொல் அது. இடுப்பிலிருந்து ஒரு சாவியை அவிழ்த்துத் தங்கையின் உள்ளங்கையில் வைத்தாள்.

சின்னவன் கடல் கடந்து போய்ப் பிழைத்தான் என்று இன்றும் அந்தத் தெருவில் சொல்லிக்கொள்கிறார்கள். அது தவறு. அந்தப் பன்னிரண்டு வருஷமும் அவன் பெரியவர் வீட்டு வாசற்படியைக்கூடத் தாண்டவில்லை.