வெள்ளிக்கு ஒரு கஞ்சிச் சட்டை

முழங்கால் சிராய்ப்பில் குடியிருந்த ஒரு தோல் செல்லின் வாசலில் கிருமி ஒன்று வந்து அடாவடி செய்துகொண்டிருந்தது. அதை விரட்ட, கண்ணுக்கே தெரியாத நானோ வெள்ளித் துகள் ஒன்று புறப்பட்டது.

"என்னைச் சட்டையாப் போட்டுக்கிட்டுப் போ," என்றது பக்கத்திலிருந்த அரிசிக் கஞ்சி.

"போட்டா என் மினுமினுப்பு யாருக்குத் தெரியும்?" என்று வெள்ளி வெறும் உடம்போடு போய் நின்றது. அதன் மேலிருந்து கிருமியை விரட்டும் காரம் தெறித்தது.

"ஐயோ, எரியுதே! கிருமியே தேவலாம், நீ முதல்ல கிளம்பு!" என்று செல் அதைப் பிடித்துத் தள்ளிவிட்டது.

வெள்ளி திரும்பி வந்து, கஞ்சியைத் தடியாகப் பூசிக்கொண்டு மறுபடியும் போனது. "வாங்க, வாங்க," என்று செல் உபசரித்தது. கிருமியோ, மெத்தென்று இருக்கிறதே என்று வெள்ளியின் மேலேயே சாய்ந்து தூங்கிவிட்டது.

வெள்ளிக்கு மானமே போயிற்று. "கஞ்சி அக்கா, நீங்களே அளவு பார்த்துப் போட்டுவிடுங்க," என்றது. கஞ்சி சிரித்துக்கொண்டே மெல்லிசாக ஒரு சட்டை போட்டுவிட்டது.

இந்த முறை காரம் கொஞ்சமாகத்தான் கசிந்தது. செல்லுக்கு அது உறைக்கவே இல்லை. மெத்தையென்று நினைத்து மறுபடியும் சாய வந்த கிருமிதான் அலறிக்கொண்டு ஓடியது.

"நல்லவேளை, நீங்க வந்தீங்க," என்றது செல். "முன்னாடி ஒருத்தன் வந்தான், அம்மணமா! என்னா எரிச்சல்! அவன் திரும்பி வந்துடுவானோன்னு பயமா இருக்கு."

"வரமாட்டான்," என்று சொல்லி, வெள்ளி தன் சட்டையின் மேல் பித்தானையும் போட்டுக்கொண்டது.