யூ.கே.ஜி. வளர்த்த பூச்சிகள்

பெங்களூரிலிருந்து கூரியரில் வந்த டப்பாவைக் காயத்ரி மிஸ் திறந்தபோது, பட்டாம்பூச்சிப் புழுக்கள் பன்னிரண்டும் செத்துக் கிடந்தன. கூட வந்த வழிகாட்டிப் புத்தகம் மட்டும் நல்ல நிலையில் இருந்தது.

யூ.கே.ஜி. பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். புழு தூங்குகிறது என்று மிஸ் சொன்னாள். 'பருவ விழா: உயிர் மலரும் அற்புதம்' என்ற பேனர் ஏற்கெனவே சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது.

வேலை போய்விடும் என்று அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. சேலத்தில் முதல் பஸ்ஸைப் பிடித்து தினமும் ஏற்காடு மலையேறி வந்து பார்க்கிற வேலை, இன்னும் நிரந்தரமாகவில்லை. செய்முறைப் பாடம் வீடியோவில் நன்றாக வந்தால் பார்க்கலாம் என்று தாளாளர் டோமினிக் சொல்லியிருந்தார்.

டோமினிக்குக்கு நூற்றைம்பது ஏக்கர் காப்பித் தோட்டம். அதன் நடுவில்தான் பள்ளிக்கூடம். தோட்டத்தைக் கணக்குப்பிள்ளையான ரைட்டர் பார்த்துக்கொண்டார். டோமினிக் இயற்கையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். காப்பி வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாததால் கிரீன் டீதான் குடிப்பார்.

காயத்ரியைக் காப்பாற்றியது கவிப்பிரியா. தோட்டத்தில் வேலை பார்க்கும் கலாவதியின் மகள். மறுநாள் காலை அவள் பையிலிருந்து முழங்கை நீளத்துக்கு ஒரு குச்சியை எடுத்து நீட்டினாள்.

"காதை வெச்சுக் கேளுங்க மிஸ். உள்ளாற புழு கடிக்குது."

மிஸ் காதை வைத்தாள். நிஜமாகவே கேட்டது. சன்னமாக, கறுக் கறுக்கென்று. பிள்ளைகள் ஒவ்வொருவராக வரிசையில் வந்து காதை வைத்துவிட்டுப் போனார்கள். அன்று யாரும் அழவில்லை, யாரும் தூங்கவில்லை.

சாயங்காலம் மகளைக் கூட்டிப்போக வந்த கலாவதி, கண்ணாடித் தொட்டிக்குள் அந்தக் குச்சியைப் பார்த்ததும் முகம் மாறினாள்.

"அது காப்பிக் குச்சிங்க மிஸ். ஊட்டுல அடுப்புக்கு வெச்சிருந்தது. எரிச்சுப் போடோணுமுங்க."

மகள் விறகைப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கி வந்துவிட்டாளே என்று கூச்சப்படுகிறாள் என்று மிஸ் நினைத்தாள். விறகிலும் பாடம் இருக்கிறது, சங்கடப்பட வேண்டாம் என்று அன்பாகச் சொன்னாள். கலாவதி மேலும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பெற்றோர் கருத்துகளைப் பள்ளியின் ஆப்பில்தான் பதிவு செய்ய வேண்டும் என்று வாட்ச்மேன் நினைவுபடுத்தினார். ஆப் இங்கிலீஷில் இருந்தது. கலாவதி கும்பிட்டுவிட்டுப் போனாள்.

பிறகு ஆளுக்கொரு குச்சி கொண்டுவரச் சொல்லி ஆப்பில் அறிவிப்பு போனது. பிள்ளைகளின் அப்பாக்களான ஏற்காட்டு லாட்ஜ் முதலாளிகள் தங்கள் டிரைவர்களைத் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்கு அனுப்பி, விறகுக் குவியலில் ஓட்டையுள்ள குச்சியாகப் பொறுக்கி வரச் சொன்னார்கள். ஒரு வாரத்தில் தொட்டி நிறைந்தது.

பிள்ளைகள் பூதக்கண்ணாடியும் கையுமாகத் திரிந்தார்கள். குச்சியிலிருந்து உதிர்ந்த தூளை ஸ்பூனால் அளந்தார்கள். புழுவின் படத்தைத் தினமும் வரைந்தார்கள். நான்காவது வாரம் ஒரு குச்சியைத் துளைத்துக்கொண்டு கறுப்பு வண்டு ஒன்று வெளியே வந்தது. முதுகில் வெள்ளைக் கோடுகள். கவிப்பிரியா அதற்கு வரிக்குதிரை என்று பெயர் வைத்தாள். விழாவுக்குள் வரிக்குதிரைகள் முப்பத்தைந்து ஆகிவிட்டன.

விழாவன்று மழை விட்டு நல்ல வெயில். மைதானத்தில் லாட்ஜ்காரர்கள் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். தோட்டத்து ஜனங்கள் பின்னால் கைகட்டி நின்றார்கள். வீடியோக்காரர் தலையாட்டியதும் டோமினிக் பேசத் தொடங்கினார். இயற்கையில் கெட்ட ஜீவன் என்று ஒன்று கிடையவே கிடையாது, மனிதன்தான் கெட்டவன் என்றார். பூச்சிகளுக்குத் தன் கையாலேயே விடுதலை கொடுக்கப்போவதாகவும் சொன்னார்.

தொட்டியின் வலையில் அவர் கை வைத்தபோது கலாவதி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"ஏனுங்க ஐயா, ஒரு நிமிசமுங்க..."

டோமினிக் நெகிழ்ந்துபோனார். நன்றியெல்லாம் கடைசியில் சொல்லிக்கொள்ளலாம் அம்மா என்று புன்னகையோடு கையமர்த்திவிட்டு வலையை நீக்கினார்.

வண்டுகள் தொட்டியின் விளிம்பில் ஏறி வெயில் காய்ந்தன. பிறகு ஒவ்வொன்றாக எழும்பி, வேலியைத் தாண்டிக் காப்பிச் செடிகளுக்குள் இறங்கின. பிள்ளைகள் குதித்தார்கள். நாற்காலிகளிலிருந்து கைதட்டல் எழுந்தது.

காயத்ரியின் வேலை நிரந்தரம் என்று டோமினிக் அங்கேயே சொல்லிவிட்டார். அடுத்த வருடம் இதைப் பத்து மடங்காகச் செய்ய வேண்டும் என்றும் சொன்னார். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மாவுக்கு போன் போட்டுச் சொல்லிவிட்டுத் திரும்பியபோதுதான் பார்த்தாள். தோட்டத்து ஜனங்கள் ஒருவரும் விழாவுக்குச் செய்த கேசரியைத் தொடவில்லை. அத்தனை பேரும் வேலிக்கு அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பிள்ளைகளைப் போலவே இவர்களும் பூச்சிகளைப் பிரிய முடியாமல் தவிக்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. கேசரித் தட்டைக் கலாவதியின் கையில் கொடுத்து, கவலைப்படாதீங்க, பூச்சியெல்லாம் அங்கே நல்லா இருக்கும் என்றாள்.

"நல்லாத்தான் இருக்குமுங்க" என்றாள் கலாவதி. "இதுக உள்ளாற பூந்துதானுங்க மிஸ், ஆடியில ஐயா தோட்டத்துல ரெண்டாயிரம் காப்பிச் செடிய வேரோட புடுங்கிப் போட்டோம்."