துருதான் மாமா

குழாயில் தண்ணீர் தெளிவாகத்தான் விழுகிறது. மருமகள் டம்ளரை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறாள். தூசு தும்பு இல்லை. காலையில் பிளம்பர்கூட குழாயைக் கழற்றிப் பார்த்து, ஒரு வாய் குடித்தும் காட்டிவிட்டுப் போனார். கட்டிலில் மாமனார் உதடு வெடித்துக் கிடக்கிறார். புற்றுநோய்க்கு மருந்து ஏற்ற ஆரம்பித்ததிலிருந்து எந்தத் தண்ணீரும் அவர் நாக்குக்குத் துருவாகத்தான் ருசிக்கிறது. காய்ச்சிக் கொடுத்தாள், கேன் வாங்கிக் கொடுத்தாள், எல்லாம் துரு. தண்ணீர் உள்ளே போகாவிட்டால் சிறுநீரகம் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். "ஒரே ஒரு வாய் மாமா." உதட்டில் பட்டதுமே முகம் சுளித்துத் தள்ளுகிறார்; பாதி அவர் சட்டையில் கொட்டுகிறது. "நீயே குடிச்சுப் பாரும்மா. தண்ணி கெட்டுப்போச்சா, இல்ல என் நாக்கு செத்துப்போச்சா?" அவள் குடிக்கிறாள். சில்லென்று, ஒரு குறையுமில்லாத தண்ணீர். அவர் கண் அவள் முகத்தைவிட்டு அகலவில்லை.

"துருதான் மாமா," என்கிறாள்.

இறுகிக் கிடந்த அந்த முகம் மெல்லத் தளர்கிறது. "அதானே பார்த்தேன்! எனக்கு ஒண்ணுமில்ல. நல்ல தண்ணி வரட்டும்மா, குடிக்கிறேன்." நிம்மதியாகச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். டம்ளரில் மிச்சமிருக்கும் நல்ல தண்ணீரை அவள் மறுபடி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறாள்; இனி எந்தத் தண்ணீரை அவருக்குக் கொடுப்பது?