நூற்றுப்பத்து வோல்ட்

"டிரான்ஸ்பார்மர் வர்ற வரைக்கும் இந்த மெஷினுக்குக் கரண்ட் குடுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, தமிழ்மொழி மெஷின் இருந்த சாமான் ரூமைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டாள்.

அப்போதுதான் காலை வேலைக்கு வந்த ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கல்வராயன் மலைமேல் பிரசவ வார்டு கட்டுகிற இடம் அது. இதுவரை வலி எடுத்தால் கச்சிராயபாளையத்துக்கு இறங்கி ஓட வேண்டும். அஸ்திவாரம் தோண்டும்போது பாறை குறுக்கே வந்துவிட்டது. பக்கத்திலேயே வீடுகள், வெடி வைக்க முடியாது.

சிங்கப்பூரில் கட்டட வேலை பார்த்துவிட்டுத் திரும்பியிருந்த தீனதயாளன், அங்கிருந்து கொண்டுவந்த பாறை உடைக்கும் மெஷினோடு வந்திருந்தான். ஊருக்கு வந்தபின் அவனுக்குக் கிடைத்த முதல் வேலை.

தமிழ்மொழி அங்கே எலெக்ட்ரீஷியன். சிங்கப்பூரில் கட்டட வேலைக்கு நூற்றுப்பத்து வோல்ட் மெஷின், நம் லைனோ இருநூற்று முப்பது, நேராகச் சொருகினால் எரிந்துவிடும், வோல்ட்டைக் குறைக்க டிரான்ஸ்பார்மர் வேண்டும் என்று விளக்கினாள். யாரும் காதில் வாங்கவில்லை.

மேஸ்திரி இருசப்பனுக்குத்தான் கோபம் ஜாஸ்தி.

"ஏம்மா, அவன் அங்க வருசக்கணக்கா ஓட்டிக்கினு இருந்த மெஷின். அவனுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிடுச்சா? மழை புடிச்சிட்டா இன்னா பண்றது?"

"லேட்டானா என்னாலதான்னு சொல்லிடுங்க மேஸ்திரி."

தீனதயாளன் தலைகுனிந்து நின்றான். பார்த்தவர்களுக்குப் பாவமாக இருந்தது.

ஆட்கள் உளியும் சம்மட்டியுமாகத் தட்டிப் பார்த்தார்கள். கை கொப்பளித்ததுதான் மிச்சம். டீ குடிக்கும்போது தமிழ்மொழி பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. என்ஜினீயர் போனில் திட்டினார். அவரிடமும் தாமதம் தன்னால்தான் என்றே சொன்னாள். தீனதயாளன் எல்லோர் முன்னாலும் ஏதோ சொல்ல வாயெடுத்தபோதெல்லாம், ஒரு வேலை சொல்லி அவனை அனுப்பிவிட்டாள்.

"அவன் சண்டைக்கு வந்துடுவான்னு பயம்" என்றார் இருசப்பன்.

டிரான்ஸ்பார்மர் வாங்கப் போனவள், மறுவாரம் கள்ளக்குறிச்சி பஸ்ஸிலிருந்து டிரான்ஸ்பார்மரோடும் ஒரு சாக்கு மூட்டையோடும் இறங்கினாள். மூட்டையோடு சாமான் ரூமுக்குள் போய் மெஷினோடு வெளியே வந்தாள். டிரான்ஸ்பார்மரில் இணைத்துக் கொடுத்தாள்.

மெஷின் உறுமியது. மத்தியானத்துக்குள் பாறையில் முதல் வெடிப்பு விழுந்தது. மறுநாள் சாயந்திரம் துண்டு துண்டாகக் கிடந்தது. வேடிக்கை பார்க்க வந்த ஊர்ப் பெண்கள் தாங்களே கல்லைத் தூக்கிக் குழிக்கு மேலே ஏற்றினார்கள். சங்கராபுரத்து வேலையும் தீனதயாளனுக்குத்தான் என்று என்ஜினீயர் அங்கேயே சொல்லிவிட்டார்.

இருசப்பன் தன் தோளிலிருந்த துண்டை எடுத்து அவனுக்குப் போர்த்தினார். பிறகு தமிழ்மொழி பக்கம் திரும்பினார்.

"இப்பேர்ப்பட்ட மெஷின ஒரு வாரம் பூட்டி வெச்சியே, இப்பவாவது தப்புன்னு ஒத்துக்கம்மா."

"தப்புதாங்க" என்று சிரித்துக்கொண்டே ஒயரைச் சுருட்டினாள் அவள்.

தீனதயாளன் துண்டை எடுத்து மேஸ்திரி கையிலேயே கொடுத்தான்.

"இதை அவங்களுக்குப் போடுங்கண்ணே. பிளக்கை மாத்தினா போதும்னு, அன்னிக்கு நீங்கல்லாம் வர்றதுக்கு முன்னாடியே நான் சொருவி மெஷின எரிச்சிட்டேன். தெரிஞ்சா வந்த அன்னிக்கே என்னை அனுப்பிடுவீங்கன்னு, இவங்கதான் அதை மறைச்சி டவுனுக்கு எடுத்துக்கினு போய், எரிஞ்ச மோட்டாருக்குப் புதுசா காயில் கட்டிக்கினு வந்தாங்க."